அன்பு போதும் என்பவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று மருத்துவமனைகளில் செவிலியர் தின விழா நடக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், மேடையில் இருக்கும் பெரியவர்கள் பேசுவார்கள். தொண்டு, தாய்மை, பொறுமை, புன்னகை என்றே பேச்சு போகும். விழா முடிந்த பிறகு அதே பெரியவர்களிடம், செவிலியர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டாமா, தாங்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் சான்று தேட வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள். "அதையெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நர்ஸுக்கு வேண்டியது நல்ல மனசும் கைப்பழக்கமும். ஆராய்ச்சி எல்லாம் எம்.எஸ்ஸி. பட்டத்துக்குத்தான்" என்பார்கள். மருத்துவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. நர்சிங் சூப்பிரண்டுகள் சொல்கிறார்கள், நோயாளியின் உறவினர்கள் சொல்கிறார்கள், இருபது வருடம் வார்டில் நின்று கால் வீங்கிய செவிலியர்களே சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு, நோயாளிகளுக்குக் கேடு செய்வது. அதைச் சொல்பவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனிதப் பரிவு வறண்டு, எல்லாம் எந்திரமும் தாளுமாகிவிடும் என்று அஞ்சித்தான் பலர் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் பரிவை ஒரு தட்டிலும் சான்றை மறு தட்டிலும் வைப்பதை ஏற்க முடியாது. நோயாளிமீது உண்மையான அக்கறை உள்ளவருக்கு, நான் செய்வது இவருக்கு நன்மையா தீமையா என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக எண்ணி, விடை காண்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

மேடையில் பேசுகிறவர்கள் சாட்சிக்கு அழைப்பது எப்போதும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை. பள்ளிப் பாடத்தில் படித்த அதே கைவிளக்கேந்திய காரிகை. கிரிமியப் போரின்போது அவர் பிரிட்டிஷ் படையின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது 1854 நவம்பரில். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரும் அவருடன் வந்த பெண்களும் படுக்கை படுக்கையாகச் சென்று பணிவிடை செய்தார்கள். அப்படியும் சிப்பாய்களின் சாவு குறையவில்லை. 1855 ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் உச்சத்தைத் தொட்டது. மார்ச்சில் பிரிட்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கட்டடத்தின் சாக்கடைகளைச் சுத்தம் செய்து, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீராக்கிய பிறகே சாவு இறங்கியது. ஊர் திரும்பியதும் நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் உட்கார்ந்து அந்தச் சாவுகளை மாதவாரியாகப் பிரித்தார். காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் பல மடங்கு என்று 1858இல் வண்ண வரைபடமாகவே அரசின் முன்வைத்தார். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பிறகு இந்தியாவிலிருந்த படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களை வைத்து இங்குள்ள தண்ணீர், கழிவுநீர் நிலைமை பற்றி 1863இல் எழுதினார். விழா மேடைகளில் விளக்கு மட்டும் நிற்கிறது, கணக்கு காணாமல் போய்விட்டது. அவர் வாழ்க்கையிலிருந்து எதையாவது கற்றுக்கொள்வதென்றால், எத்தனை பரிவோடு செய்த பணிவிடையும் அடைபட்ட சாக்கடையின் முன் தோற்றது என்பதையும், எண்ணிப் பார்த்த பிறகே அது விளங்கியது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்பு மட்டும் போதும் என்பவர்கள் இன்னொரு நிகழ்ச்சியையும் அறிந்திருக்க வேண்டும். 1940களில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் தாராளமாகக் கொடுக்கும் வழக்கம் பரவியது. குழந்தையின் நீலம் மறைந்து தோல் சிவக்கும்; பார்ப்பவர் மனம் குளிரும். கூடவே அந்தக் குழந்தைகளில் பலருக்குக் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போயிற்று. உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் அப்படிப் பார்வை இழந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜன்தான் காரணமோ என்ற ஐயத்தில் 1951இல் வாஷிங்டனின் கேலிங்கர் மருத்துவமனையில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சில குழந்தைகளுக்கு வழக்கம்போல் நிறைய ஆக்சிஜன், மற்றக் குழந்தைகளுக்குத் தேவைப்படும்போது மட்டும். குறைவாக ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளை டாக்டர்கள் சாகவிடுகிறார்கள் என்று நைட் ட்யூட்டியில் இருந்த சில செவிலியர்கள் நம்பினார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். பாட்ஸ் பின்னாளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தச் செவிலியர்களின் அன்பில் யார் குறை காண முடியும்? டாக்டர்களின் சொல்லையும் மீறி ஒரு பச்சைக் குழந்தைக்காகக் குழாயைத் திருகியவர்கள் அவர்கள். பெற்ற தாய்கூட அதற்கு மேல் செய்திருக்க மாட்டாள். ஆனால் அவர்கள் கை திறந்துவிட்டது பார்வையைப் பறிக்கும் காற்றை. 1953, 54இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு அதை ஐயமின்றி உறுதி செய்தது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஆக்சிஜன் கெடுதல் என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் அதை இறுக்கிப் பிடித்தார்கள். மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடினார்கள். ஆக, அந்த இரவுச் செவிலியர்களின் அச்சமும் முழுக்க வீண் இல்லை. எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை அன்பும் சொல்லாது, அச்சமும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க 21ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளைக் கொண்ட ஐந்து ஆய்வுகள் வேண்டியிருந்தன. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவைத் தாழ்வாக வைத்தால் சாவு கூடுகிறது, சற்று உயர்த்தினால் கண் பாதிப்பு கூடுகிறது என்று அவை காட்டின. அந்தச் செறிவை 90க்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. இன்று பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வில் அந்த எல்லைகளை மானிட்டரில் வைப்பது யார்? அலாரம் அடிக்கும்போது ஓடி வந்து ஆக்சிஜனைக் கூட்டுவதும் குறைப்பதும் யார்? ஒரு செவிலியர்தான். இந்த எண்களின் பின்னால் இருக்கும் வரலாறு அவருக்குத் தெரிய வேண்டாம், கருணை போதும் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்ன கதையும் இதே வகை. 1950களின் பிற்பகுதியிலிருந்து மேலைநாடுகளில் புகழ்பெற்ற வளர்ப்பு நூல்களும் மருத்துவமனைகளும் அதைத்தான் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தன. வாந்தி எடுத்தால் புரை ஏறாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். இருந்த ஆய்வுகளை மட்டும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் 1970வாக்கிலேயே அது ஆபத்து என்று தெரிந்திருக்கும் என்றும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளின் சாவைத் தவிர்த்திருக்கலாம் என்றும் 2005இல் ரூத் கில்பர்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் எழுதினார்கள். பிரிட்டனில் மல்லாந்து படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது 1991இல்.

அடுத்து, "டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற வாதம். பார்த்துக்கொள்ளவில்லை என்பதே வரலாறு. பார்க்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கேள்விகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் ஒரு படுக்கையருகே சில நிமிடம் நிற்கிறார். மிச்ச நேரம் முழுவதும் நோயாளியின் உடல் செவிலியரின் கையில் இருக்கிறது. புரட்டுவது, துடைப்பது, குழாய் வழியே கஞ்சி கொடுப்பது, ஊசி ஏற்றும் வென்ஃப்ளானைப் பார்ப்பது, அறுவைக்கு முன் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லித் தேற்றுவது. இவை ஒவ்வொன்றும் நோயாளியின் உடலில் நடக்கும் தலையீடு. மாத்திரையைப்போலவே இவையும் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். மாத்திரையைச் சோதிக்காமல் கொடுக்கமாட்டோம் என்கிறவர்கள் இவற்றை மட்டும் ஏன் சோதிக்காமல் செய்கிறார்கள்?

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். நெடுநாள் படுத்த படுக்கையாய் இருப்பவரின் முதுகில் எதைத் தடவலாம் என்பதில்தான் பல தலைமுறைச் செவிலியர் கவனம் போயிருக்கிறது. ஸ்பிரிட், பவுடர், முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வைத்தியம். 1962இல் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர், ரோடா மெக்லாரன் என்பவருடனும் முதியோர் மருத்துவர் எக்ஸ்டன் ஸ்மித்துடனும் சேர்ந்து ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். தோலில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட, அழுத்தத்தை எப்போது மாற்றுகிறோம் என்பதே முக்கியம் என்று அது காட்டியது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டிக் கணிக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் அவர்கள் உருவாக்கினார்கள்: உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு. நார்ட்டன் அளவுகோல் என்று நர்சிங் மாணவிகள் அதை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்த அதே மாணவி வார்டுக்குப் போனதும், கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்லித் தருகிறார்கள். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தை இடுப்புக்கு அடியில் செருகச் சொல்கிறார்கள். இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்லிவிட்டன. அழுத்தத்தை அகற்றுவதற்குப் பதில் வேறோர் இடத்துக்கு அவை மாற்றிவிடுகின்றன. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம் என்பதே வழிகாட்டுதல். தேய்ப்பவரின் கையில் பரிவு இருக்கிறது, அடியில் இருக்கும் திசு கிழிந்துகொண்டிருக்கிறது.

பிரசவ அறைக்குப் போனால் இதைவிடக் கொடுமை. பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு மழித்தல், எனிமா, பிறகு பிறப்புறுப்பின் வாயைக் கத்தரித்துத் தையல் என்பது எத்தனையோ இடங்களில் கேள்வி இல்லாத வரிசை. மழிப்பதால் தொற்று குறைகிறதா என்று 1922இலேயே அமெரிக்காவில் சோதித்து, குறையவில்லை என்று கண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தாள் தூங்கியது. 1980இல் பிரிட்டனில் மோனா ராம்னி என்ற மருத்துவச்சி அதே கேள்வியை மீண்டும் எடுத்து, மழித்தல் நியாயமற்றது என்று எழுதினார். மறு ஆண்டு எனிமா பற்றியும் அதேபோல் ஆராய்ந்தார். 1984இல் ரெடிங் நகரில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சி 1,000 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு இன்னும் பெரியது. பாதிப் பேரின் மருத்துவச்சிகளிடம், குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் கத்தரியுங்கள் என்றார்கள். மீதிப் பேரின் மருத்துவச்சிகளிடம், கிழிசலைத் தடுக்கத் தாராளமாகக் கத்தரிக்கலாம் என்றார்கள். முதல் பிரிவில் 10 சதவீதப் பெண்களுக்கும் இரண்டாவதில் 51 சதவீதப் பெண்களுக்கும் கத்தரிப்பு நடந்தது. பத்தாம் நாள் வலியிலும் மூன்றாம் மாத வலியிலும் குழந்தைகளின் நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது, எந்தப் பயனும் இல்லாமல் பெண்களை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டு, இத்தனை பெண்களைச் சேர்த்து, எண்ணி முடித்தது ஒரு மருத்துவச்சி. பிரசவத்தின்போது கத்தரியைக் கையில் வைத்திருப்பவர், மறு நாள் காலை அந்தப் பெண் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்ப்பவர் அவர்தான். கேள்வி அங்கிருந்துதான் வர முடியும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள் மழித்தலையும் எனிமாவையும் வழக்கமான கத்தரிப்பையும் வேண்டாம் என்கின்றன. ஆனால் நம்மூரில் இன்றும் "பார்ட்ஸ் ப்ரிபரேஷன்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் மழித்தல் நடந்துவிடுகிறது. கூச்சத்தில் குன்றிப்போகும் அந்தப் பெண்ணிடம் செவிலியர் எத்தனை இனிமையாகப் பேசினாலும், செய்யத் தேவையே இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். இனிமையான குரல் அதைச் சரியாக்கிவிடாது.

அடுத்து, அனுபவமே போதும் என்ற வாதம். அதற்கு மதிப்புக் கொடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கும் மூத்த செவிலியர்களால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். எந்தச் சான்றும் அந்தக் கண்ணுக்கு மாற்றாகாது. சான்று சார்ந்த மருத்துவத்துக்கு 1996இல் டேவிட் சாக்கெட் எழுதிய விளக்கத்திலேயே ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவத் திறன், நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர்ந்துதான் இருக்கின்றன. அனுபவத்தை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று கூச்சலிடுபவர்கள் அதைப் படிக்கவில்லை.

ஆனால் அனுபவத்துக்கு எட்டாத இடங்கள் உண்டு. மூக்கு வழியே இரைப்பைக்கு விடும் ரைல்ஸ் ட்யூபைப் போட்டதும் சிரிஞ்சில் காற்றை ஊதி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது நாம் எல்லோரும் பார்த்த காட்சி. குபுக்கென்று ஒலி கேட்டால் குழாய் இரைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருடச் சர்வீஸ் உள்ளவர்களும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் நார்மா மெத்தனி இந்த ஒலிகளைப் பதிவுசெய்து சோதித்தார். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அதேபோன்ற ஒலி வயிற்றில் கேட்கும்; காதால் பிரித்தறிய முடியாது என்று 1990இல் நிறுவினார். குழாய் வழியே எடுத்த நீரின் அமிலத்தன்மையைச் சோதிப்பதும், ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுப்பதுமே நம்பத்தக்கவை. நுரையீரலுக்குள் உணவு போய் நோயாளிகள் இறந்த பிறகு, 2005இல் பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு முகமை காற்று ஊதும் சோதனையைக் கைவிடச் சொன்னது. இங்கே அனுபவம் ஏன் உதவவில்லை? பெரும்பாலான குழாய்கள் எப்படியும் இரைப்பைக்குத்தான் போகின்றன. ஊதிப் பார்த்து ஒலி கேட்டு, எல்லாம் நல்லபடி நடந்ததை ஆயிரம் முறை பார்த்த செவிலியருக்குச் சோதனைமீது நம்பிக்கை வளர்கிறது. தவறிப்போன ஒன்றிரண்டில் நோயாளிக்கு நிமோனியா வருகிறது. இன்னொரு ஷிஃப்டில், இன்னொரு வார்டில், வயதானவர் என்ற காரணத்தோடு சாகிறார். அந்தச் சாவு ஊதிப் பார்த்தவரின் அனுபவக் கணக்கில் சேர்வதே இல்லை. ஒரு தனி மனிதர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் தன் கண்ணுக்கு வராததை எண்ண முடியாது. பலரின் கண்களைச் சேர்த்து எண்ணும் வழி ஆய்வு ஒன்றுதான்.

"ஆராய்ச்சிக்காரர்கள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை மாற்றிச் சொல்வார்கள்" என்பதும் அடிக்கடி காதில் விழுவது. உண்மைதான், வென்ஃப்ளான் விஷயத்தில் அப்படி நடந்தது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஊசியைப் பிடுங்கி வேறு நரம்பில் குத்துவது உலகெங்கும் விதியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செவிலியப் பேராசிரியர் கிளேர் ரிக்கார்ட் 3,283 நோயாளிகளிடம் சோதித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார். தேவைப்பட்டால் மட்டும் மாற்றியவர்களுக்கும் நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் நரம்பு அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். பல இடங்களில் விதி தளர்ந்தது. பின்னர் ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் விதியைத் தளர்த்தினார்கள். அங்கே ரத்த ஓட்டத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பி, நடந்ததை 2021இல் வெளியிட்டார்கள். இதைக் காட்டி ஆய்வே வேண்டாம் என்பவர்களிடம் கேட்கிறேன்: தொற்று கூடியது என்று ஜெனீவாவுக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு வென்ஃப்ளானையும் ஒவ்வொரு தொற்றையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே வந்ததால். நம் மருத்துவமனைகளில் போன மாதம் எத்தனை வென்ஃப்ளான் இடங்கள் சீழ் பிடித்தன என்று கேட்டால், எத்தனை இடங்களில் விடை கிடைக்கும்? எண்ணாத இடத்தில் முடிவுகள் மாறுவதில்லை என்பது உண்மை. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

"மேல்நாட்டு ஆய்வு நம் ஊருக்குச் சரிப்படாது" என்பவர்களுடன் பாதி வழி நானும் வருகிறேன். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில், வீட்டில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியில் குளோர்ஹெக்சிடின் தடவியதில் தொற்றும் சாவும் குறைந்ததாக 2006இல் எழுதினார்கள். அதே மருந்தை ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் சோதித்தபோது சாவு குறிப்பிடும்படி குறையவில்லை. ஊர் மாறினால் விடை மாறும். மருத்துவமனைப் பிரசவங்களில் கொடியை எதுவும் தடவாமல் உலர்வாக, சுத்தமாக விட்டாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேல்நாட்டு விடை பொருந்தாது என்றால் நம் விடையை நாம்தான் தேட வேண்டும். பொருந்தாது என்று சொல்லிவிட்டுத் தாமும் தேடாமல் பழைய வழக்கத்தையே தொடர்பவர், தேடாமல் இருக்க ஒரு சாக்குத்தான் சொல்கிறார்.

இனி, மிக வலுவான எதிர்வாதம். வலி தெரிந்தவர்கள் சொல்வது இது: "ஒரு வார்டு முழுவதற்கும் இரவில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ். இதில் எங்கே ஆராய்ச்சி?" இதைச் சொல்பவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள், வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு ஆதரவாக இன்று உலகில் இருக்கும் மிகக் கூர்மையான ஆயுதமே செவிலிய ஆராய்ச்சி தந்ததுதான். லிண்டா எய்கன் என்ற செவிலிய ஆய்வாளர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், 2,30,000க்கு மேற்பட்ட அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று 2002இல் எழுதினார். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 4,22,730 நோயாளிகளைக் கொண்டு பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. குயின்ஸ்லாந்து அரசு 2016இல் சில பொது மருத்துவமனைகளில் குறைந்தபட்சச் செவிலியர் எண்ணிக்கையைச் சட்டமாக்கியது. அதன் பலனை அளந்து 2021இல் வந்த ஆய்வு, சாவு குறைந்ததையும், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதால் மிஞ்சிய பணம் கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் என்பதையும் காட்டியது.

எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற கேள்வியை நிதித்துறை அதிகாரியின் மேசையில் வைக்கும்போது, நாங்கள் தாய் உள்ளம் படைத்தவர்கள் என்று சொல்லிப் பயனில்லை. தாய் உள்ளத்தைச் சொல்லித்தான் குறைந்த சம்பளத்துக்கு இரட்டை ட்யூட்டி வாங்குகிறார்கள். தொண்டு என்று பெயர் சூட்டிவிட்டால் கணக்கு கேட்க முடியாது என்பது நிர்வாகங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வார்டில் இத்தனை பேர், இத்தனை படுக்கைப் புண், இத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், இத்தனை சாவு என்று பதிவேட்டை விரித்து வைத்தால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

சான்று வேலையைக் கூட்டும் என்பதும் தவறான எண்ணம். பல நேரம் குறைக்கும். மழித்தல், எனிமா இரண்டும் நிற்கும்போது செவிலியரின் நேரம் மிஞ்சுகிறது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்ற விதியைக்கூட நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற செவிலிய ஆய்வாளர் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்து, புண் வருவதில் வேறுபாடு இல்லை என்று 2013இல் வெளியிட்டார்கள். அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான தரமான நுரை மெத்தையில். நம் அரசு மருத்துவமனையின் ரெக்சின் உறை போட்ட மெத்தையில், சித்திரை வெயிலில், வியர்வையில் நனைந்த முதுகுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும்? பாஸ்டனிலிருந்து வந்து யாரும் இதற்கு விடை சொல்லப் போவதில்லை. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஓர் எம்.எஸ்ஸி. மாணவி கேட்க வேண்டிய கேள்வி.

அவரை நாம் என்ன கேட்கவைக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஆராய்ச்சியை ஏளனம் செய்பவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது நம் நர்சிங் கல்லூரிகளின் ஆய்வேடுகளைத்தான். அவற்றைப் பார்த்து அவர்கள் சலித்துக்கொள்வதில் தவறில்லை. திட்டமிட்ட கற்பித்தல், முப்பதோ அறுபதோ பேர், முன்தேர்வு, ஒரு சார்ட், ஒரு கையேடு, பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும். பாடம் நடத்திய பிறகு பரீட்சை வைத்தால் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? பாடத்தால் யாருடைய புண்ணாவது ஆறியதா, யாராவது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று பின்தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. தடித்த அட்டை போட்டு நூலகத்தில் வைத்துவிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யும் டெல்லி நர்சிங் கல்லூரியும் 1946இலேயே பட்டப்படிப்பைத் தொடங்கிய நாடு இது. கொக்ரேன் நூலகத்தின் ஆய்வுத் தொகுப்புகளை இந்தியாவில் எவரும் கட்டணமின்றிப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழி செய்தது. தெற்காசியாவுக்கான கொக்ரேன் மையமும் வேலூரில்தான் அமைந்தது. கருவிகள் இல்லை என்று சொல்ல முடியாது. கெட்ட ஆய்வுகள் நிறைய இருப்பது நல்ல ஆய்வுகள் வேண்டும் என்பதற்கே காரணமாகும். மோசமாகச் சமைத்ததற்காக அடுப்பையே இடிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கங்காரு பராமரிப்பு என்று தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் முறையைவிட அன்பு நிறைந்த சிகிச்சை வேறு உண்டா? 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த வழி அது. நிலை சீரடைந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று நீண்ட காலம் காத்திருந்தார்கள். பிறந்த உடனே தொடங்கினால் என்ன என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று. தாயையும் குழந்தையையும் பிரிக்காதீர்கள் என்று இனி ஒரு செவிலியர் ஐ.சி.யு. வாசலில் நின்று வாதாடும்போது, உணர்ச்சிவசப்படுகிறாள் என்று யாரும் அவரைத் தள்ளிவிட முடியாது. அன்பு கேட்டதைச் சான்று பெற்றுத் தந்திருக்கிறது.

1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங், மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. பாடத்திட்டமும் தேர்வு முறையும் புதிதாக எழுதப்படும் நேரம் இது. எம்.எஸ்ஸி. ஆய்வேடு எதுவும் அறிவு மதிப்பெண்ணில் முடியக் கூடாது; நோயாளியின் உடலில், நோயாளியின் நாளில் என்ன மாறியது என்பதை அளந்திருக்க வேண்டும். ஆய்வு நடந்த வார்டிலேயே, அங்கே வேலை செய்யும் ஸ்டாஃப் நர்ஸுகளின் முன்னால், தமிழில், மாணவி அதன் முடிவைச் சொல்ல வேண்டும். அதனால் எந்த வழக்கம் கைவிடப்பட்டது, கைவிடப்படாவிட்டால் ஏன் என்று ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்த வார்டின் பொறுப்புச் செவிலியர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கக் கூடாது.